சுட்டா முதல்ல தண்ணி, பிறகுதான் ஓட்டோ

என்ர அண்ணான்ர மகளுக்கு அப்ப மூண்டு வயசு. பின்னேரம் நாலு மணியிருக்கும், கேத்தில் கொதிச்சு அண்ணி தேத்தண்ணி ஊத்தி மேசைக்கரையில வைச்சிட்டு சீனிப்போத்தல் எடுக்கத் திரும்பினவா, பிள்ளை மேசைவிரிப்பைப் பிடிச்சு இழுத்திட்டுது. கோப்பை அப்பிடியே சரிஞ்சு இடக்கை முழங்கையில இருந்து மணிக்கட்டு மட்டும் ஊத்துப்பட்டுட்டுது. அம்மா ஓடிவந்து கையில கிடைச்ச பேஸ்ற் ரியூப்பை பிதுக்கி முழுக்கப் பூசினா, பக்கத்து வீட்டு ஐயா ஓட்டோவைத் திருப்பினார், நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிறவல் றோட்டால ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர முக்கால் மணித்தியாலம்.

அங்க நேர்ஸ் சேலைன் ஊத்தி ஊத்தி காஞ்சுபோன பேஸ்ற்றைக் கழட்டினா. பேஸ்ற்றோட சேர்ந்து கொப்புளத் தோலும் உரிஞ்சுது. பிள்ளை கத்தின கத்தல் எனக்கு இப்பவும் காதுக்குள்ள கேக்குது. டொக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி "தண்ணி ஊத்தினீங்களோ?" எண்டதுதான். கிணறு வீட்டில இருந்து பத்தடி. நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

நான் டொக்டர் இல்லை, முன்பள்ளி ரீச்சர். அதுக்குப் பிறகு முதலுதவிப் பயிற்சிக்குப் போய், பிள்ளைக்கு மருந்து கட்டப் போற நாளெல்லாம் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இதில எழுதிறன். இலங்கையின்ர வடக்கில எங்கட வன்னிப் பக்கம் கன வீட்டுக்கு ஆஸ்பத்திரி தூரம், அதால முதல் அரை மணித்தியாலம் வீட்டில நிக்கிற ஆளின்ர கையிலதான் இருக்குது.

முதல்ல தோல் எண்டா என்ன எண்டு பாப்பம். மேல ஒரு மெல்லிய தோல், அதுக்குக் கீழ கொஞ்சம் தடிச்ச உள்தோல், அதுக்கும் கீழ கொழுப்பு. உள்தோலுக்குள்ளதான் ரத்தக்குழாய், நரம்பு, மயிர்வேர், வேர்வைச் சுரப்பி எல்லாம் கிடக்குது. காடு வெட்டி எரிச்ச காணியை நினைச்சுப் பாருங்கோ. நெருப்பு மேலால ஓடிப்போன இடத்தில ஒரு மழை விழுந்தா ரெண்டு கிழமையில புல்லு வந்திடும், ஏன் எண்டா வேர் உள்ளுக்குக் கிடக்குது. பெரிய குத்தி கிடந்து நாள்முழுக்க எரிஞ்ச இடத்தில அப்பிடி வராது, மண்ணே வெந்துபோயிருக்கும், கரையில இருந்துதான் புல்லு மெல்ல மெல்ல உள்ளுக்கு வரவேணும். தோலும் அப்பிடித்தான். மயிர்வேர் மிஞ்சியிருந்தா அதுக்குள்ள இருந்தே புதுத்தோல் முளைச்சு மூடும், வேரும் வெந்துபோச்செண்டா கரையில இருந்து வாறது மட்டும்தான், இடம் பெருசெண்டா அது காணாது, வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேணும்.

அடுத்தது சூடு எண்டது தொட்ட உடன முடியிற விசயம் இல்லை. சோத்துப்பானையை அடுப்பில இருந்து இறக்கின பிறகும் உள்ளுக்கு சோறு அவிஞ்சுகொண்டுதானே இருக்கும், அதுமாதிரி சுடுதண்ணி வழிஞ்சு போனாப்பிறகும் தோலுக்குள்ள இருக்கிற சூடு கீழ இறங்கி இன்னும் ஆழமா வேக வைச்சுக்கொண்டே இருக்கும். 60 பாகை சூட்டுத் தண்ணி அஞ்சு செக்கன் பட்டாலே வளந்த ஆளுக்கு மோசமான காயம் வரும், பிள்ளையளின்ர தோல் மெல்லிசு, இன்னும் கெதியா வேகும். இப்ப ஊத்தின தேத்தண்ணி 60 பாகையைவிடக் கனக்கக் கூட.

அந்தச் சூட்டை வெளிய எடுக்கிறதுக்குத்தான் தண்ணி. ஓடுற தண்ணி, 20 நிமிசம். ரெண்டு செம்பு ஊத்திட்டுக் கையைத் துடைக்கிறது காணாது, மணிக்கூட்டைப் பாத்து 20 நிமிசம். உடன செய்யேலாமப் போனாலும் சுட்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள ஊத்தினா பிரயோசனம் இருக்குது, அதால "இவ்வளவு நேரம் போட்டுது, இனி என்னத்துக்கு" எண்டு விடவேண்டாம்.

இதில எங்கட பக்கத்துக்கு ஒண்டு சொல்லவேணும். மேல வைச்சிருக்கிற கறுப்புத் தாங்கியில மத்தியான வெயிலுக்குத் தண்ணியே கொதிச்சுக்கொண்டுதான் இருக்கும், பைப்பைத் திறந்த உடன காயத்தை நீட்டக்கூடாது, முதல்ல உங்கட கையால பிடிச்சுப் பாருங்கோ. பைப்புத் தண்ணி சுட்டா கிணத்துத்தண்ணி அள்ளுங்கோ. ஐஸ் மாதிரிக் குளிரா இருக்கத் தேவையில்லை. ஆவணி புரட்டாதியில கிணறு வத்திக் கிடக்கிற நேரமெண்டா பெரிய பேசினுக்குள்ள கையை வைச்சு செம்பால அள்ளி அள்ளி அதே தண்ணியை ஊத்துங்கோ, தண்ணி சூடேறினா மாத்துங்கோ, அதுவும் ஏலாட்டி சுத்தமான துணியை நனைச்சுப் போட்டு ரெண்டு மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. ஓடுற தண்ணி அளவுக்கு வராது, ஆனா சும்மா இருக்கிறதைவிட எவ்வளவோ மேல்.

தண்ணி ஊத்திக்கொண்டே காப்பு, மோதிரம், கறுப்புக் கயிறு, அரைஞாண் எல்லாத்தையும் கழட்டுங்கோ, கொஞ்ச நேரத்தில வீங்கும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேணும். சட்டையும் கழட்டலாம், ஆனா தோலோட ஒட்டிப்போன துண்டை இழுக்காதேங்கோ, சுத்திவர வெட்டிட்டு அதை அப்பிடியே விடுங்கோ. சின்னப்பிள்ளை எண்டா, இல்லாட்டி உடம்பில கனக்க இடம் சுட்டிருந்தா, காயத்துக்குத் தண்ணி, மிச்ச உடம்புக்குத் துவாயோ போர்வையோ. பிள்ளை விறைச்சு நடுங்கத் தொடங்கினா தண்ணியை நிப்பாட்டிப் போத்திக்கொண்டு வெளிக்கிடுங்கோ. ஒராள் தண்ணி ஊத்த மற்றவர் 1990 எண்ட நம்பருக்கு அடிக்கலாம், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், வந்து சேர எடுக்கிற நேரத்தில உங்கட 20 நிமிசமும் முடிஞ்சிடும். ஆள் மூச்சுக்கு அந்தரப்படுறார், மயங்கிறார் எண்டா மட்டும் நிண்டு ஊத்திக்கொண்டிருக்காமல் வெளிக்கிடுங்கோ, ஈரத்துணியை வாகனத்துக்குள்ளயும் போட்டுக்கொண்டு போகலாம்.

தண்ணி பட்டா கொப்பளிக்கும் எண்டு எங்கட பழைய ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்குது, அம்மாவும் அதாலதான் அண்டைக்குக் கிணத்தடிக்குப் போகேல்ல. கொப்பளிக்கிறது சூட்டால. சுடேக்கயே மேல்தோலும் உள்தோலும் பிரிஞ்சிடும், அதுக்குள்ள நீர் கோக்கிறதுதான் கொப்புளம், நீங்கள் தண்ணி ஊத்தினாலும் ஊத்தாட்டியும் அது வரும், ஊத்தினா ஆழம் குறையும். பேஸ்ற், தேங்காயெண்ணெய், நெய், முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், கோப்பித்தூள், உப்பு, வாழைச்சாறு இதெல்லாம் வேண்டாம். எண்ணெயும் பேஸ்ற்றும் ஒரு மூடி போட்டமாதிரி சூட்டை உள்ளுக்கு அடைச்சு வைக்கும், முட்டையில கிருமி இருக்கும், மஞ்சளும் கோப்பித்தூளும் காயத்தின்ர நிறத்தை மறைச்சுப்போடும், டொக்டர் நிறத்தைப் பாத்துத்தான் ஆழம் சொல்லுறவர். ஐஸ்கட்டியும் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கி ஏற்கனவே வெந்த தோலை இன்னும் சாகடிக்கும்.

தண்ணி முடிஞ்சாப்பிறகு குசினியில சாப்பாடு மூடுற மெல்லிய பிளாஸ்ரிக் பேப்பர் இருந்தா அதை நீட்டுக்கு மேல வையுங்கோ, சுத்திச் சுத்திக் கட்டவேண்டாம், வீங்கினா இறுக்கும். இல்லாட்டி தோய்ச்சுக் காஞ்ச பருத்தித்துணி காணும். காத்துப் படாமல் மூடினாலே எரிவு குறையும். பஞ்சு வைக்காதேங்கோ, ஒட்டிப்போகும். நோவுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) குடுக்கலாம், பிள்ளைக்கு நிறைக்கேத்த அளவு.

இனி ஆழம். இதில கன பேர் பிழைவிடுகினம், ஏன் எண்டா எல்லாரும் கத்திற சத்தத்தை வைச்சுத்தான் காயத்தை மட்டுக்கட்டுறம்.

மேல்தோல் மட்டும் எண்டா சிவக்கும், எரியும், கொப்புளம் வராது. வெயிலில வயலுக்க நிண்டு வாறது, நெல் அவிக்கேக்க ஆவி லேசா அடிக்கிறது மாதிரி. ஒரு கிழமைக்குள்ள தானா மாறும், தழும்பு விழாது. அடுத்தது உள்தோலின்ர மேற்பக்கம் வெந்தது, கொப்புளம் வரும், உடைஞ்சா அடியில ரோஸ் நிறத்தில ஈரமா இருக்கும், காத்துப் பட்டாலே நோவில உயிர் போகும். விரலால மெல்ல அமத்தினா வெள்ளையாகி எடுத்த உடன திரும்பிச் சிவக்கும், ரத்தம் ஓடுது எண்ட அடையாளம். இது ரெண்டு கிழமையளவில ஆறும், கிருமி உள்ளுக்குப் போகாட்டி பெரும்பாலும் தழும்பு பெருசா வராது. அதுக்குக் கீழ போச்செண்டா அங்கங்க சிவப்பும் வெள்ளையுமா புள்ளிபோட்டிருக்கும், ஈரம் குறைவு, அமத்தினா நிறம் மாறாது, இல்லாட்டி சரியான மெதுவா மாறும், நோவும் குறைவா இருக்கும். மூண்டு கிழமைக்கு மேல எடுக்கும், தழும்பு விழும், சிலவேளை தோல் ஒட்டவேண்டி வரும்.

கடைசி வகை தோல் முழுக்க வெந்தது. வெள்ளையா மெழுகு மாதிரியோ, மண்ணிறமாவோ, கரியாவோ இருக்கும், தொட்டா காஞ்ச தோல்செருப்பு மாதிரி விறைப்பு, நோகாது. நரம்பும் சேந்து எரிஞ்சுபோனபடியாத்தான் நோகாமல் இருக்குது. "அவருக்கு நோகேல்லையாம், காலமை போய்க் காட்டுவம்" எண்டு வீட்டில வைச்சிருக்கிறது மாதிரிப் பயங்கரம் வேற இல்லை. கத்திற பிள்ளையின்ர காயத்தைவிட கத்தாத ஆளின்ர காயத்துக்குத்தான் பயப்பிடவேணும். முதல் நாள் பாத்து ஆழத்தை முடிவெடுக்கவும் ஏலாது, ரெண்டு மூண்டு நாளில காயம் இன்னும் கீழ இறங்கலாம், அதாலதான் திரும்பத் திரும்ப வரச்சொல்லி மருந்து கட்டுகினம், அதைத் தவறவிடாதேங்கோ.

மோட்டச்சைக்கிள் சைலன்சர் சூடு எண்டு எங்கட பெடியள் பெட்டையள் பாதிப் பேருக்குக் கெண்டைக்காலில ஒரு வட்டம் கிடக்கும். சின்னன்தானே எண்டு விடுறது, ஆனா சூடான இரும்பு தோலோட ஒட்டிப்பிடிச்சு எரிக்கிறபடியா உள்ளங்கையளவு இடமெண்டாலும் ஆழமாப் போயிருக்கும். சீனி வருத்தம் உள்ளவையும் கவனம், காலில உணர்ச்சி குறைஞ்சவை வெறுங்காலோட தார் றோட்டில நடந்து சுட்டதே தெரியாமல் வந்து நிப்பினம். அவையின்ர பாதத்தில எவ்வளவு சின்னக் காயமெண்டாலும் காட்டத்தான் வேணும்.

எவ்வளவு இடம் எண்டு அளக்கிறதுக்கு ஒரு லேசான வழி இருக்குது. சுட்ட ஆளின்ர கையே அளவுகோல், அவரின்ர உள்ளங்கை, விரல் எல்லாம் சேத்து வைச்சா அது உடம்பில கிட்டத்தட்ட நூத்தில ஒரு பங்கு. பிள்ளைக்குப் பிள்ளையின்ர கைதான், உங்கட கையால அளக்கக்கூடாது. சும்மா சிவந்த இடத்தைக் கணக்கில சேக்கிறேல்ல. ஆஸ்பத்திரியில ஒன்பதுக் கணக்கும் பாக்கிறவை: வளந்த ஆளுக்குத் தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, முன்னுடம்பு 18, முதுகு 18, மறைவிடம் 1. குழந்தைக்குத் தலை பெருசு, அதால தலை மட்டும் 18, கால் ஒண்டு 14. பிள்ளைக்கு நூத்துக்கு 10, பெரியாக்களுக்கு 15 தாண்டினா உடம்பில இருக்கிற நீர் ரத்தக்குழாய்க்கு வெளிய கசிஞ்சு ரத்த அழுத்தம் விழும், சேலைன் ஏத்தாமல் சரிவராது. டொக்டர்மார் தொடங்கிற கணக்கு ஒண்டு பொதுவா இப்பிடி: ஒரு கிலோ நிறைக்கும் சுட்ட ஒரு பங்குக்கும் 4 மில்லிலீற்றர் எண்டு, 60 கிலோ ஆளுக்கு நூத்தில 20 பங்கு சுட்டிருந்தா 4 ஐ 60 ஆல பெருக்கி 20 ஆல பெருக்கினா முதல் 24 மணித்தியாலத்துக்கு 4800 மில்லிலீற்றர் சேலைன், அதில பாதி முதல் எட்டு மணித்தியாலத்துக்குள்ள போகவேணும். அந்த எட்டு மணித்தியாலம் ஆஸ்பத்திரி வாசலில தொடங்கிறேல்ல, சுட்ட நிமிசத்தில தொடங்குது. அதால சுட்ட நேரத்தை போனில எண்டாலும் குறிச்சுக்கொண்டு போங்கோ, நான் இதைப் படிச்சதில இருந்து எங்கட முன்பள்ளியில சுவரில எழுதி ஒட்டியிருக்கிறன்.

ஆக எப்ப போகவேணும்? உள்ளங்கையைவிடப் பெருசா கொப்பளிச்சிருந்தா, பிள்ளையெண்டா கொப்பளிச்ச எதுக்கும், முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு இதுகளில எண்டா, கையையோ காலையோ வளையம் மாதிரிச் சுத்திவர சுட்டிருந்தா (வீங்கேக்க ரத்த ஓட்டத்தை நெரிக்கும்), வெள்ளையா நோகாமல் இருந்தா, கர்ப்பிணி, வயசுபோன ஆக்கள் எண்டா. நெருப்புக்குள்ள, புகைக்குள்ள அகப்பட்ட ஆளின்ர குரல் கரகரத்தா, மூக்குமயிர் கருகியிருந்தா, சளியில கரி வந்தா, வெளிக்காயம் இல்லாட்டியும் அவசரம், தொண்டை உள்ளுக்க வீங்கி மூச்சை அடைச்சுப்போடும். அவரைப் படுக்க விடாமல் நிமித்தி இருத்திக் கொண்டுபோங்கோ.

உடுப்பில நெருப்புப் பிடிச்சா ஓடக்கூடாது, ஓடினா காத்து ஊதிக் குடுக்குது. நிலத்தில விழுந்து உருளவேணும், பக்கத்தில நிக்கிற ஆள் தடிச்ச சாக்கு, போர்வையால மூடி அணைக்கலாம், நைலோன் துணி வேண்டாம், அது உருகித் தோலில ஒட்டும். எங்கட ஆக்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குப் பழக்கம் கன வருசம். தொண்ணூறுகளில யுத்தத்தால எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட நேரம் ஜாம்போத்தல் விளக்கில படிச்ச தலைமுறை நாங்கள், அடியில கொஞ்ச எண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான் வெளிச்சம். போத்தல் விளக்கு தட்டுப்பட்டுச் சரிஞ்சு எண்ணெய் பாய்ஞ்சு எரிஞ்சவை இலங்கை முழுக்க எவ்வளவோ பேர். அப்பிடி வந்த நோயாளியளுக்கு வைத்தியம் செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992 இல சரியாத பாதுகாப்பு விளக்கு ஒண்டைச் செய்தவர். கட்டையா, பாரமா, பக்கம் தட்டையா, திருகுற மூடியோட, விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. அதுக்கு 1998 இல ரோலெக்ஸ் விருது கிடைச்சது. இப்ப கரண்ட் வந்திட்டுது, எண்டாலும் கரண்ட் போற இரவில பழைய போத்தல் விளக்கு எடுக்கிற வீடு இருக்குது. எடுத்தா எரியிற விளக்குக்கு எண்ணெய் விடாதேங்கோ, பிள்ளையின்ர கைக்கு எட்டாத, கால் தட்டாத இடத்தில வையுங்கோ. குப்பைக்குப் பெற்றோல் ஊத்திக் கொளுத்திறதும் வேண்டாம், பெற்றோல் ஆவி நீங்கள் நிக்கிற இடத்துக்கே வந்து பிடிக்கும்.

கரண்ட் அடிச்ச காயம் வேற சாதி. வெளிய கடுகளவு கறுப்புப் புள்ளி இருக்கும், உள்ளுக்குத் தசை வெந்திருக்கும், இதயத்துடிப்பும் குழம்பலாம். மெயினை நிப்பாட்டாமல் ஆளைத் தொடாதேங்கோ. யானைக்கெண்டு சட்டவிரோதமா கரண்ட் குடுத்த கம்பியில அகப்பட்டவரையும் இப்பிடித்தான், கரண்ட் நிண்டது உறுதியாகும் மட்டும் கிட்டப் போகவேண்டாம். எழும்பி நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். பற்றறி அசிட், சிமெந்துக் கரைசல் பட்டா 20 நிமிசம் காணாது, இன்னும் கனநேரம் ஓடுற தண்ணியில கழுவவேணும், சுண்ணாம்பு காஞ்ச தூளா இருந்தா முதல்ல தட்டி உதறிட்டுப் பிறகு தண்ணி. கண்ணில பட்டா கழுவிக் கழுவி வெளிக்கிடுங்கோ.

வீட்டில பாக்கக்கூடிய சின்னக் காயத்தை மெல்ல சவுக்காரம் போட்டுக் கழுவி, பார்மசியில வாங்கிற எண்ணெய்த்தன்மையான வலைத்துணியை வைச்சு மேல துணி கட்டுங்கோ, நனைஞ்சா, ஊத்தையானா மாத்துங்கோ. கொப்புளத்தை ஊசியால குத்தாதேங்கோ, அந்தத் தோல் நல்ல ஒரு மூடி. பெருசா தொங்கிறதை ஆஸ்பத்திரியில சுத்தமா வெட்டுவினம். சுட்ட காயத்துக்குப் பூசுற வெள்ளைச் சில்வர் கிரீமை டொக்டர் பாக்க முதல் பூசவேண்டாம், அதுவும் நிறத்தை மாத்தும். ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) போட்டுக் கனகாலமெண்டா கேட்டுப் போடுங்கோ. சுத்திவர சிவப்பு பரவினா, நாத்தம், சீழ், காய்ச்சல் வந்தா வீட்டில வைச்சுப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.

ஆறின பிறகும் வேலை இருக்குது, இதை ஆக்கள் சொல்லுறது குறைவு. புதுத்தோல் கடிக்கும், காயும், அப்ப தேங்காயெண்ணெய் பூசலாம் (சுட்டண்டைக்கு வேண்டாம் எண்ட அதே எண்ணெய், ஆறி முழுசா மூடின பிறகு நல்லது), ஒரு வருசத்துக்கு வெயில் படாமல் மூடுங்கோ, முட்டை, மீன், பயறு நல்லாக் குடுங்கோ, காயம் ஆற அதுதான் சாமான். பத்தியம் எண்டு மீனையும் முட்டையையும் நிப்பாட்டுறவையும் இருக்கினம், தயவுசெய்து செய்யாதேங்கோ. மூட்டில சுட்டா தழும்பு சுருங்கி மூட்டை மடக்கி இழுக்கும். நோவுக்குச் சுகமா இருக்கிற மாதிரி மடக்கி வைச்சிருந்தா அப்பிடியே பிடிச்சிடும், அழுதாலும் நீட்டத்தான் வேணும்.

எங்கட பிள்ளைக்கும் முழங்கை மடிப்பு. முதல் மாதம் கையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டே திரிஞ்சா, நீட்டச் சொன்னா "மாமி வேண்டாம்" எண்டு ஓடுவா. பயிற்சி குடுத்த மிஸ்ஸி சொல்லித்தந்தமாதிரி, நான் குசினிச் சுவரில வெண்கட்டி குடுத்து எட்டின மட்டும் பூ கீறச் சொன்னன். ஒவ்வொரு நாளும் முதல் நாள் பூவுக்கு மேல ஒரு பூ. மேசைவிரிப்பை அண்ணி அண்டைக்கே எரிச்சுப்போட்டா, கேத்தில் இப்ப சுவரோட ஒட்டி உள்ளுக்குத்தான் இருக்கும். சுவரை மட்டும் இன்னும் வெள்ளையடிக்கேல்ல, கடைசிப் பூ யன்னல் கொழுக்கிக்கு மேல கிடக்குது.